திரும்பிப் பார்க்கும் தொண்டு

(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உதவி செய்வதைப் பற்றி இம்மேடையில் பலரும் பேசியிருக்கிறார்கள். செய்த உதவியைத் திரும்பிப் பார்ப்பது பற்றி இன்று சற்றுப் பேச விழைகிறோம். சமூகப் பணியாளர், மருத்துவர், செவிலியர் ஆகியோரின் பயிற்சியில் இதனை 'மீள்நோக்கு' எனலாம். இது கணக்குத் தணிக்கை அன்று. எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார். அந்த வீட்டில் நம் கண்ணில் பட்டது என்ன, படாதது என்ன, எதை வைத்து ஒரு முடிவுக்கு வந்தோம் என்பதை நம்மையன்றி வேறெவரும் கேட்க இயலாது.

இது ஏட்டுப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் உயிரின் கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள் விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமி. நல்ல கல்வி கிடைக்கும் என்று நம்பிய பெற்றோர், பாட்டி முறையான ஓர் உறவுப் பெண்ணுடன் அவளை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தார்கள். பிரான்ஸில் சில மாதங்கள் இருந்தபின் 1999 ஏப்ரலில் லண்டன் வந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தை அவள் பார்க்கவே இல்லை. 2000 பிப்ரவரி 25 அன்று, எட்டு வயதில், மருத்துவமனையில் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்களும் வடுக்களும் எண்ணப்பட்டன. அழைத்து வந்த பெண்ணுக்கும் அவளுடன் வாழ்ந்த ஆணுக்கும் 2001இல் ஆயுள் தண்டனை கிடைத்தது.

அக்குழந்தை எவர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைக்கப்பட்டவள் அல்லள் என்பதே நம்மை உலுக்க வேண்டும். நான்கு சமூகநலத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள் அவளை அறிந்திருந்தன. லார்டு லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. தலையிட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் பன்னிரண்டு என்று அது எண்ணிக் காட்டியது.

அவற்றுள் இரண்டு செய்திகளில் மட்டும் சற்று நிற்போம்.

1999 ஜூலையில் முதல் மருத்துவமனைக்கு அவள் கொண்டு வரப்பட்டபோது, இளம் மருத்துவர் ஒருவர் இது அடித்த காயமாக இருக்கலாம் என ஐயுற்றார். அன்றிரவே மூத்த மருத்துவர் ஒருவர் சிரங்கு என்று முடிவு செய்தார். குழந்தை மறுநாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். பத்து நாட்களுக்குள் வெந்நீர்க் காயத்துடன் இரண்டாவது மருத்துவமனைக்கு வந்தாள். 'சிரங்கு' என்ற அந்தச் சொல்லும் அவளுடனேயே வந்தது. தொற்றிக்கொள்ளும் என்னும் அச்சத்தில், அவள் வீட்டைச் சென்று பார்க்க நாள் குறித்திருந்த சமூகப் பணியாளரும் காவலரும் அப்பயணத்தைக் கைவிட்டனர். மூத்தவர் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால், பின்வருவோர் கண்ணால் பார்ப்பதை விட்டு அச்சொல்லையே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இது லண்டனுக்கு மட்டும் உரிய நோய் அன்று.

இரண்டாவது, இதனினும் நுட்பமானது. அப்பெண்மணியின் முன்னே குழந்தை விறைப்பாக, அசையாமல் நின்றாள். அச்சத்தின் அடையாளம் அது. ஆனால் அவர்களின் சமுதாயத்தில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை இப்படித்தான் என்று பணியாளர் எண்ணிக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்படியொரு வழக்கமே இல்லை என்று பெற்றோர் பின்னர் விசாரணையில் கூறினர். அப்பணியாளர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். பிறர் பண்பாட்டை மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே அவர் கண்ணை மறைத்தது. 'இது மரியாதை என்று நமக்கு எப்படித் தெரியும்?' என்று உடனிருந்த ஒருவர் கேட்டிருந்தால் போதும். மூத்தோர் இளையோருடன் அமர்ந்து இப்படி வினவும் மேற்பார்வை அந்த அலுவலகத்தில் சரிவர நடைபெறவில்லை என்பது விசாரணையில் தெரிய வந்தது.

சட்டம் போதவில்லை என்று லேமிங் சொல்லவில்லை. சட்டம் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது, செயலில்தான் குறை என்றார். 108 பரிந்துரைகளைத் தந்தார். 2004இல் புதிய குழந்தைகள் சட்டமும் வந்தது. விதிகளும் படிவங்களும் பெருகின. 2011இல் பேராசிரியை எய்லீன் மன்ரோ அந்நாட்டு அரசுக்கு அளித்த ஆய்வறிக்கையோ, விதிமுறைகளை நிறைவேற்றுவதிலேயே பணியாளர்களின் கவனம் போய்விட்டது, குழந்தையுடன் செலவிடும் நேரமும் சிந்தித்து முடிவெடுக்கும் திறனும் குறைந்துவிட்டன என்று சுட்டிக்காட்டியது. படிவத்தால் கண் திறப்பதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அறிஞர்கள் இதனை முன்பே சிந்தித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷோன் 1983இல் எழுதிய நூலில், திறமையான பணியாளர் வேலை நடந்து கொண்டிருக்கும்போதே சிந்திக்கிறார், முடிந்த பின்னும் சிந்திக்கிறார் என்று பிரித்துக் காட்டினார். பாடப்புத்தகச் சூத்திரம் செல்லுபடியாகும் மேட்டு நிலம் ஒன்று உண்டு, மக்களின் உண்மையான துன்பங்களோ சேற்று நிலத்தில் கிடக்கின்றன என்பது அவர் கருத்து. வீடு வீடாகச் சென்று விசாரித்த எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

அவருக்கும் முன்னர், 1950களில், லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற மருத்துவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். பொது மருத்துவர்கள் ஒரு சிறு குழுவாகக் கூடுவார்கள். ஒருவர் தம் மனத்தை உறுத்தும் நோயாளி ஒருவரைப் பற்றிக் குறிப்பேடு பாராமல் பேசுவார். எந்த மருந்து என்பதன்று அங்கே பேச்சு. அந்த நோயாளியைக் கண்டால் இவருக்கு ஏன் எரிச்சல் வருகிறது, ஏன் இரக்கம் மிகுகிறது என்பதே பேச்சு. அவருடைய துணைவியார் ஈனிட் சமூகப் பணியாளர்களுடன் சேர்ந்து உழைத்த அனுபவம் இம்முறைக்கு உரமாயிற்று. மருத்துவர்கள் சமூகப் பணியிடமிருந்து கற்ற அரிய நிகழ்வு இது!

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. பிரிட்டனில் செவிலியர்கள் தம் பதிவைப் புதுப்பிக்க, 2016 முதல், மூன்றாண்டுக்கு ஐந்து மீள்நோக்குக் குறிப்புகள் எழுத வேண்டியுள்ளது. நோக்கம் நல்லதே. ஆனால் தேர்வாளருக்காகவும் மேலதிகாரிக்காகவும் எழுதப்படும் மீள்நோக்கு, அவர்கள் கேட்க விரும்புவதையே சொல்லும். தவறு சொன்னால் தண்டனை என்ற இடத்தில் எவரும் உண்மையை எழுதமாட்டார்.

நம் ஜமாஅத்திலும் விண்ணப்பம் வாங்குவோர், வீடு சென்று விசாரிப்போர், குடும்பப் பிணக்கில் இருதரப்பையும் கேட்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் முன்வைப்பது சிறியதொரு யோசனை. மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ஐந்தாறு பேர் அமரட்டும். பெயரும் தெருவும் சொல்லாமல் ஒரே ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் பேசட்டும். யாரிடம் பேசினோம், அந்த வீட்டில் பேசாமல் இருந்தது யார், அவரைத் தனியே கேட்டோமா, 'அவர்கள் அப்படித்தான்' என்று யார் முதலில் சொன்னது என்று வினவட்டும். பெண்களின் நிலையறிய பெண்களும் அக்குழுவில் இருத்தல் வேண்டும். தலைவரும் செயலாளரும் அங்கே உறுப்பினராகவே அமரட்டும். இளையவர் முதலில் பேசட்டும். அந்த ஒரு மணி நேரத்திற்கு நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டாம்.