செவிப்புலன் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஏதும் அறியாதவர்களாக நம்மைத் தாயின் வயிற்றிலிருந்து வெளிப்படுத்திய அல்லாஹ், நாம் நன்றி செலுத்துவதற்காகச் செவியையும் பார்வையையும் இதயத்தையும் வழங்கியதாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 78ஆம் வசனத்தில் நினைவூட்டுகின்றான். அங்கே முதலாவதாகச் சொல்லப்படுவது செவி. இம்மூன்றைக் குறித்தும் மறுமையில் விசாரணை உண்டு என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் எச்சரிக்கின்றது. ஆகவே செவி நமக்குச் சொந்தமானதன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

முதல் ஸஃப்பில் அமரும் பெரியவர்

நம் உக்கடத்துப் பள்ளிவாசல்களின் முதல் ஸஃப்பைப் பாருங்கள். அங்கே அமரும் முதியோரில் பலர் மில்களிலும் பட்டறைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் மில் தொடங்கப்பட்டது முதல் கோவை, பஞ்சாலை நகரமாக வளர்ந்தது. அவற்றில் பல ஆலைகள் இன்று மூடப்பட்டுவிட்டன. ஆனால் தறியின் ஓசையிலும் இரும்பின் ஓசையிலும் கழிந்த ஆண்டுகள் அங்கு உழைத்தவர்களின் காதுகளில் தங்கிவிட்டன.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருள் ஒன்று உண்டு. ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் அதனுள்ளே இருந்து ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. பேரோசையால் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையிலும் அவை தேய்கின்றன. 60 வயதைக் கடந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு செவிக்குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

இக்குறையில் பெரும்பாலும் முதலில் மங்குவது மெல்லிய, உயர்ந்த ஓசைகள். பேத்தியின் குரலும், சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துக்களின் ஒலியும் அத்தகையவை. எனவேதான் பெரியவர், “சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்கின்றார். நாமோ, “வேண்டியது மட்டும் காதில் விழுகிறது” என்று கேலி செய்கின்றோம்.

‘சீ’ என்னும் சொல்

முதுமை அடைந்த பெற்றோரை நோக்கி ‘சீ’ என்றும் சொல்லக் கூடாது என்பது இறைக்கட்டளை (17:23). தந்தை மூன்றாம் முறை, “என்ன சொன்னாய்?” என்று கேட்கும்போது நம் வாயிலிருந்து வருவது என்ன? “ஒன்றுமில்லை, விடுங்கள்!” என்கின்றோமே, அதில் அந்தச் ‘சீ’ ஒளிந்திருக்கவில்லையா? அவருக்குச் சொல் கேட்காமல் போகலாம். நம் முகத்தின் சுளிப்பு தெரியாமல் போகுமா?

மீண்டும் கேட்க நாணி அவர் மெல்ல ஒதுங்குகின்றார். திருமண வீட்டுக்குச் செல்வதைத் தவிர்க்கின்றார். வீட்டுப் பேச்சிலும் கலந்துகொள்வதில்லை. இத்தனிமை மனத்தைச் சோர்வுறச் செய்யும். கவனிக்கப்படாத செவிக்குறை மறதி நோய்க்கான காரணிகளுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2020இலும் 2024இலும் எடுத்துரைத்துள்ளது.

கேட்கச் செய்வதும் தர்மமே

செவி கேளாதவருக்கு விளங்கும்வரை எடுத்துச் சொல்வதும் தர்மம் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்னத் அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. இதற்குப் பொருட்செலவு தேவையில்லை. பெரியவரின் முன்னே வந்து, முகம் பார்த்து, கத்தாமல், நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்துங்கள்.

அடுத்தது மருத்துவம். எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்னும் கருத்துள்ள நபிமொழி புகாரியில் உள்ளது. முதலில் காது மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்கு அழுக்கை அகற்றுவதே போதுமானதாக இருக்கும். குறை உறுதியானால், கேட்புத் திறனை முறையாகச் சோதித்து அதற்கேற்பக் காதொலிக் கருவியைப் பொருத்த வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய கருவி மேசை இழுப்பறைக்குள்தான் உறங்கும். நல்ல கருவியும் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். பொறுமையாகத் துணை நில்லுங்கள். ஒளூவுக்கும் குளிப்புக்கும் முன் அதைக் கழற்றி வையுங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிய நாணாத நாம் காதொலிக் கருவிக்கு ஏன் நாண வேண்டும்? வசதியற்றோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாடலாம். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக்கு அத்தொகை ஒரு கருவியாக மாறினால், அவர் குத்பாவைக் கேட்பார். பேரப்பிள்ளையின் ஸலாமுக்குப் பதில் சொல்வார்.

பச்சிளங் குழந்தைக்கும் சோதனை அவசியம். பிறந்த ஒரு மாதத்திற்குள் சோதித்து, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடங்குவதே சிறந்தது. “தாமதமாகப் பேசுவது எங்கள் வழக்கம்” என்று காலம் கடத்தினால் மொழி கற்கும் பருவம் போய்விடும். உட்செவிக் கருவி தேவைப்படும் 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உதவுகின்றது.

இருப்பதைக் காப்போம்

80 டெசிபல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலானால் 4 மணி நேரமே பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். விசைத்தறியிலும் பட்டறையிலும் பணிபுரியும் சகோதரர்களே, காதடைப்பான் அணியுங்கள். முதலாளிமார்களே, அதை வாங்கிக் கொடுப்பது உங்கள் கடமை. இளைஞர்களே, காதில் செருகும் ஒலிக்கருவியின் ஓசையைப் பாதி அளவுக்கு மேல் உயர்த்தாதீர்கள். தாய்மார்களே, குழந்தையின் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். குச்சியோ ஊசியோ விடாதீர்கள். திடீரென ஒரு காது கேளாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் மீட்பது கடினம்.

குரலைத் தாழ்த்துமாறு தம் மகனுக்கு லுக்மான் (அலை) அவர்கள் உபதேசித்ததை அல்லாஹ் திருமறையில் பதிவு செய்துள்ளான் (31:19). நிக்காஹ் வீட்டின் வெடியும் அதிரும் ஒலிபெருக்கியும் அண்டை வீட்டு நோயாளியையும் தொட்டில் குழந்தையையும் வருத்துமானால், அந்தச் சந்தோஷத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்?

ஆகவே பெரியோர்களே! இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் வீட்டு முதியவரின் முன்னே அமர்ந்து, இன்றைய பயானில் கேட்டதை அவருக்கு விளங்கும்வரை எடுத்துச் சொல்லுங்கள். அதுவே இவ்வாரத்தின் உங்கள் தர்மமாக அமையட்டும்.

செவி என்னும் அமானிதத்தைப் பேணி, பெற்றோரின் மனம் குளிரச் செய்யும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.