கடைசிப் பெட்டியில் நிற்பவர்

(ஹெவ்லொக் டவுனில் தோட்டத்து இளைஞர்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தம்பி தங்கைமாரே, தோட்டத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோரே!

ரெயில்வே வேலை என்றதும் எல்லாருக்கும் எஞ்சின் டிரைவர்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் பேசப்போவது கோச்சியின் கடைசியில் கொடியோடு நிற்கும் கார்டைப் பற்றி. அதிலும் எண்ணெயும் கோதுமை மாவும் ஏற்றிப்போகும் சாமான் கோச்சியின் கார்ட்.

புறப்படுமுன் அவர் பெட்டி பெட்டியாக நடந்து பார்க்கணும். கொக்கி சரியாக மாட்டியிருக்கா, பிரேக் பிடிக்குதா, கதவு பூட்டியிருக்கா? எத்தனை பெட்டி, என்ன சாமான் என்று எழுதிக்கொள்ளணும். கடைசிப் பெட்டியில் விளக்கு எரியணும். அதைப் பார்த்துத்தான் கோச்சி நடுவில் அறுந்துபோகாமல் முழுசாக வந்திருக்கு என்று ஸ்டேஷன் மாஸ்டர் அறிவார். வழியில் நின்றுவிட்டால், பின்னால் வரும் கோச்சி மோதாமலிருக்க, கார்ட் இறங்கி நடந்துபோய்த் தண்டவாளத்தில் டெட்டனேட்டர் வெடி வைத்து, சிவப்பு காட்டணும். மழையென்றாலும் நடுச்சாமம் என்றாலும் போகத்தான் வேணும்.

இந்தப் பாதைக்கும் நமக்கும் சொந்தம் உண்டு. 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் கோச்சி ஓடியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்தப் பாதையைத் தொடங்கினார்கள். பிறகு தேயிலை வந்தது. பாதை 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போனது. நம்ம பாட்டன் பாட்டி பறித்த கொழுந்துதான் அந்தப் பெட்டிகளில் தேயிலையாக இறங்கியது. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க வேலை ஏது? மிச்சமிருந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது.

இனி நாம் தயாராகணும். ரெயில்வே திணைக்களம் ஆள் எடுக்கும்போது வெள்ளிக்கிழமை வெளிவரும் அரசாங்க வர்த்தமானியில் தமிழிலும் அறிவித்தல் வரும். வயது, படிப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். போட்டிப் பரீட்சை எழுதணும். நினைத்தபோதெல்லாம் வராது. வந்த பிறகு ஓடித்திரிந்து பிரயோசனமில்லை.

முதலாவது, ஓ.எல். கணக்கையும் தமிழையும் விட்டுடாதீங்க. ஏ.எல். வரைக்கும் படிங்க.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலைச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கா என்று இன்றைக்கே பாருங்க. பெற்றோரே, இது உங்க வேலை. வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போய் விசாரிங்க.

மூன்றாவது, சிங்களம். தமிழ் 1987 முதல் அரசகரும மொழிதான். ஆனாலும் இராத்திரியில் டிரைவரோடு பேச்சு தடுமாறக்கூடாது, ஆபத்து. கடையில் பேசிப் பழகிய சிங்களத்தை எழுதவும் படிக்கவும் பழகிக்கொள்ளுங்க.

கடைசியாக ஒன்று. காசு கொடுத்தால் வேலை எடுத்துத் தாறேன் என்று வருபவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீங்க.

இங்கிருந்து வெள்ளவத்தைக்கு நடந்துபோனால் கடலோரமாகக் கோச்சி ஓடுவதைப் பார்க்கலாம். அடுத்த முறை எஞ்சினை மட்டும் பார்க்காமல் கடைசிப் பெட்டியையும் பாருங்க. லயத்தில் பிறந்த பிள்ளையும் அங்கே நிற்கலாம்.