கைக்கு எட்டாத தொலைவு



சென்ற கோடை விடுமுறையில், கல்லூரியில் பயிலும் என் பெயர்த்தி எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தாள். அவளது கைப்பேசி பழுதுற்று இரண்டு நாள் கடையில் கிடந்தது. அவ்விரண்டு நாளும் அவள் கை வெறும் மேசையைத் தடவியவண்ணம் இருந்தது. ஒலிக்காத மணி ஒலித்ததெனத் திடுக்கிட்டு எழுவாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தன்னடக்கம் போதித்த நான் எள்ளி நகைத்தேன்.

அடுத்த திங்களே எனக்குப் பாடம் கிடைத்தது. நூலகத்திற்குச் செல்லும் வழியில், என் சட்டைப்பை வெறுமையாய் இருப்பதை உணர்ந்தேன். என்னை அவசரமாக அழைப்பவர் எவருமிலர். எனினும், பாதி வழியில் திரும்பிவிட்டேன்!

இவ்வச்சத்திற்கு 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பெயரே இட்டனர்: நோமோஃபோபியா. கைப்பேசி உடனில்லையே என்னும் அச்சம் என்பது பொருள். இதனை மருத்துவ உலகம் தனி நோயாக ஏற்கவில்லை. ஆதலின் பெயரைக் கேட்டு எவரும் கலங்க வேண்டா.

மனவலிமை ஒன்றே போதும் என்று நாங்கள் வகுப்பறையில் கற்பித்து வந்தோம். அது முழு உண்மையன்று. 1960களின் இறுதியில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில், வால்ட்டர் மிஷல் என்னும் உளவியல் அறிஞர் சிறு பிள்ளைகளுக்குத் தின்பண்டம் காட்டி, பொறுத்திருந்தால் மேலான பரிசு உண்டு என்றார். பண்டம் கண்முன் இருந்த பிள்ளைகளைக் காட்டிலும், அது மறைக்கப்பட்டிருந்த பிள்ளைகளே நெடுநேரம் பொறுத்தனர். சிலர் தாமே கண்களைப் பொத்திக்கொண்டனர். சிலர் தமக்குள் பாடிக்கொண்டனர். ஆசையோடு மல்லுக்கு நில்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மழலையரின் அறிவை என்னென்பது!

2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் மாணவர்களையே சோதித்தனர். ஒலியடக்கிய கைப்பேசியை மேசைமீது வைத்தவரினும், வேறு அறையில் வைத்தவர் அறிவுத் தேர்வில் மேம்பட்டனர். பின்வந்த சோதனைகள் சில இம்முடிவை உறுதி செய்யவில்லை. ஆசிரியன் அதனையும் மறைத்தலாகாது.

பெயர்த்தி இப்பொழுது விடுதியில், படிக்கும் வேளையில் தன் கைப்பேசியைத் தோழியிடம் ஒப்படைத்து, இரவு உணவிற்குப் பின் பெற்றுக்கொள்கிறாளாம். நானோ அதனை அடுத்த அறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நூலை விரிக்கிறேன். முதல் நாள் மும்முறை எழுந்து சென்றேன். நேற்று ஒருமுறை.