கூரையைப் பிரித்த நால்வர்



மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரன் கதையை உங்களில் சிலர் ஞானோபதேச வகுப்பில் கேட்டிருப்பீர்கள். கப்பர்நகூம் ஊரில் ஒரு வீட்டினுள் இயேசுபிரான் உபதேசித்துக் கொண்டிருக்கிறார். வாசலிலும் நிற்க இடமில்லாதபடி ஜனத்திரள். கைகால் அசையாத ஒருவனை நால்வர் படுக்கையோடு சுமந்து வருகின்றனர். உள்ளே செல்ல வழி கிட்டவில்லை. அந்நாட்டு வீட்டுக் கூரை, மரக்கழிகளின்மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியது. நால்வரும் மேலே ஏறி, அதனைத் தோண்டிப் பிரித்து, நோயாளியை அவர் முன்னிலையில் இறக்கிவிடுகின்றனர். அவன் குணம் பெறுகிறான்.

பிரசங்கங்களில் பெரும்பாலும் அந்த நால்வரின் துணிவே புகழப்படுகிறது. என் மனம் என்னவோ வாசலை அடைத்துக் கொண்டிருந்தவர்களிடமே செல்கிறது. அவர்கள் இயேசுவின் பகைவரா? அல்லர். வேதபாரகர் சிலர் உள்ளே இருந்தனர் என்பது மெய்யே. ஆனால் வாசலில் நின்றவர்கள் அவர் வாக்கைக் கேட்க ஆவலோடு வந்த பக்தர்கள். அந்த பக்தியே ஒரு நோயாளிக்குக் கதவடைப்பு ஆயிற்று!

இது எங்கோ கலிலேயாவில் நிகழ்ந்தது என்று ஒதுக்கிவிட நமக்கு இடமில்லை. புதுச்சேரி மிஷன் வீதியில் இன்று நிற்கும் சம்பா கோயில் 1791-இல் எழுந்தது. அதற்கு முன் இருந்த ஆலயம், 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றியபோது அழிக்கப்பட்டது. அப்பழைய ஆலயத்தின் உள்ளே வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் அதற்கு அப்பால் நின்றே பூசை காண வேண்டும். பின்னாளில் துய்ப்ளெக்சின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1745 அக்டோபர் மாதத் தமது நாட்குறிப்பில் இதனை எழுதியுள்ளார். ஒதுக்கப்பட்டோர் ஒன்றுதிரண்டு பெரிய குருவிடம் சென்று முறையிட்டனர். குருவும் அம்முறையீட்டின் நியாயத்தை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். அதை எழுதிவைத்தவர் கிறிஸ்தவர் அல்லர், வைஷ்ணவர் என்பதையும் கவனியுங்கள்.

கூரையைப் பிரிக்க அன்று நால்வர் வேண்டியிருந்தது. இங்கோ, படுக்கையில் கிடத்தப்பட்டவர்களே எழுந்து வந்து வழி கேட்டனர். ஒரு சுவர் வீழ்ந்ததனால் எல்லாச் சுவர்களும் வீழ்ந்துவிடவில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்து ஆலயத்தின் நடுச்சுவர் 1910-இல் தான் அகற்றப்பட்டது. செங்கல் இல்லாத சுவர்கள் இன்றும் உள்ளன. அவை எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வகுப்பறையில் யார் யாரோடு அமர்ந்து சோறுண்கிறார்கள் என்று பார்த்தாலே விளங்கும்.

இயேசுபிரான் அந்நோயாளியை நோக்கிப் பேசுமுன், 'அவர்களுடைய' விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். சுமந்தவர்களின் விசுவாசமும் கணக்கில் வந்தது. அந்த நால்வர் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு வாக்கியமேனும் அவர்கள் பேசியதாக இல்லை. அவர்களுடைய ஜெபம் தோள்வலியாகவும் கைப்புழுதியாகவும் இருந்தது. கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு விடியற்காலையில் சென்று பாருங்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து நோயாளிகள் வந்து வரிசையில் நிற்பார்கள். எழுத்தறியாத மூதாட்டிக்கு ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும், தள்ளுவண்டி செல்ல வழிவிட்டு விலகி நிற்கவும் பெரிய வேதசாஸ்திரம் தேவையில்லை. ஞாயிறு பூசைக்கு விரைகிற நமக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பதுதான் விந்தை.

குணமானவன் தன் படுக்கையை எடுத்துக்கொண்டு எல்லார் முன்பாகவும் வெளியே நடந்தான். உள்ளே வரும்போது வழிவிடாத கூட்டம், வெளியே போகையில் விலகித்தானே இருக்க வேண்டும்? பிரிக்கப்பட்ட கூரையைத் திரும்ப அடைத்துக் கொடுத்தவர் யார் என்பதை மாற்கு எழுதவில்லை. அந்த நால்வரே மறுபடியும் மேலே ஏறியிருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.