பூங்காவில் ஓர் அரங்கு

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய தமிழர் முதலில் ஒரு கோயில் எழுப்புவர். அடுத்து ஒரு பள்ளிக்கூடம் வைப்பர். பின்னர் ஒரு சங்கம் கண்டு அதற்கு ஆண்டு விழா எடுப்பர். விழாவுக்கு நாடகம் வேண்டும். நாடகத்துக்கு இடம் வேண்டும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. தில்லியின் கரோல்பாக்கிலும், மும்பையின் மாட்டுங்காவிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுப் பகுதியிலும் சங்கம் நடத்தியவர்கள் இதனை நன்கு அறிவார்கள். ஒரு மாலைப் பொழுதுக்குத் தரும் மண்டப வாடகை, வேடம், திரை, பக்கவாத்தியம் ஆகிய மற்றச் செலவுகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது. ஆகவே, பொதுக்குழுக் கூட்டத்தில் யாரேனும் ஒருவர் எழுந்து, “நம் குடியிருப்பின் நடுவே உள்ள பூங்காவில் ஒரு மேடை கட்டிக்கொண்டால் என்ன?” என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். விடை சொல்வதற்கு முன் சற்று நின்று எண்ண வேண்டும்.

பூங்கா நம்முடையதன்று என்பதை முதலில் நினைவிற் கொள்ளுதல் நலம். அது மாநகராட்சிக்கோ நகர வளர்ச்சி ஆணையத்துக்கோ உரியது. உண்மையில் காலையில் நடக்கும் முதியவருக்கும், மாலையில் பந்தாடும் சிறுவருக்கும் உரியது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அண்டையில் வாழ்ந்தோர் வழக்காடினர். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே இடமில்லை என்றால், நாடகக் கொட்டகைக்கு எங்ஙனம் இடம் கிடைக்கும்? பூங்காவைப் பூங்காவாகவே விட்டுவைக்கின்ற மேடை, ஆட்டம் இல்லாத நாள்களில் பிள்ளைகள் ஏறி விளையாடும் திண்ணையாக நிற்கின்ற மேடை, இதற்கு மட்டுமே நாம் அனுமதி கேட்கலாம். தில்லியில் மரம் வெட்டுவதைத் தடுக்க 1994இல் இயற்றிய சட்டம் உண்டு. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமெண்டுத் தளம் இருத்தல் ஆகாது என்று 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதும் உண்டு. வேப்பமரத்தடி குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அதன் வேரின்மேல் கடைக்கால் தோண்டலாகாது.

அளவு என்ன? இங்கே நம்மவர்க்குப் பேராசை தோன்றுவது இயல்பு. தாகூர் நூற்றாண்டின் நினைவாகத் தில்லியின் மலைமுகட்டுக் காட்டில் இரவீந்திர ரங்கசாலை என்னும் திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள். 8,000 பேர் அமரலாம். அத்தனை பேரை நாள்தோறும் காட்டுக்குள் அழைத்துவர யாரால் இயலும்? ஆண்டுக்கணக்காக அது வெறிச்சோடிக் கிடந்தது. அதே தில்லியில், தேசிய நாடகப் பள்ளியை நடத்திய இப்ராகிம் அல்காஜி, இரவீந்திர பவனத்தின் பின்புறம் ஓர் ஆலமரத்தின் கீழ் ‘மேகதூதம்’ என்று சிறியதோர் அரங்கு அமைத்தார். நாடகம் பயின்றவர்கள் இன்றும் அன்போடு சொல்வது அந்த ஆலமரத்தடியைத்தான். நடிப்பவரின் முகக்குறிப்பு 65 அடிக்கு அப்பால் விளங்காது என்பது அரங்கம் அமைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. அந்த எல்லைக்குள் அரைவட்டமாகத் தரையில் அமர்ந்தால், ஒருவருக்கு 6 சதுர அடி வீதம், நடைவழி நீக்கி, ஏறத்தாழ 800 பேர் அமரலாம். ஒரு குடியிருப்புக்கு இது போதும். மிகுதி என்றுகூடச் சொல்வேன்.

மேடைக்கு அளவு சொல்ல நாம் வேறெங்கும் போக வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலேயே இளங்கோவடிகள் அதனைச் சொல்லிவைத்தார். மலைமூங்கிலில் வெட்டிய அளவுகோல் 24 விரல் நீளம். உரைகாரர் அதனைக் கைப்பெருவிரல் என்பர். அக்கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. மேடைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். பெருவிரலை ஓர் அங்குலமாகக் கொண்டால் கோல் 2 அடி ஆகும். அதாவது, மேடை 14 அடிக்கு 16 அடி. தரையிலிருந்து 2 அடி உயரம். தரையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தவன் கழுத்து நோகாமல் பார்ப்பதற்கு ஏற்ற உயரம் இதுவே அன்றோ! நான்கைந்து பேர் நடிக்கும் நாடகத்துக்கும் ஒருவர் ஆடும் பரதத்துக்கும் அந்த நீள அகலம் போதும். கோலாட்டத்துக்கும் கும்மிக்கும் போதாது. அதனால் அகலத்தை இரட்டித்துக்கொள்ளலாம். உயரத்தை மட்டும் கூட்ட வேண்டாம். ஒப்பந்தக்காரர்கள் நாலடி, ஐந்தடி என்று மேடையை உயர்த்திவிடுவார்கள். அது தலைவர்கள் மாலை வாங்கிக்கொள்வதற்கான உயரம், நாடகத்துக்கான உயரமன்று.

அக்காதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்கிறது. மின்விளக்குகள் வந்த பின்னரும், கம்பத்தை மேடையின் முன்னே நட்டு, ஆடும் பெண்ணின் முகத்தில் அதன் நிழலை வீழ்த்துகின்றவர்களைக் காண்கிறோம்.

அரங்கம் என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்றும் பொருள் உண்டு. திருவரங்கம் அப்பெயர் பெற்றதும் அதனாலேயே. நாற்புறமும் நீர் ஓட நடுவே மேடிட்ட நிலம். மொழிபெயர்ப்பில் காலம் கழிப்பவனுக்கு இத்தகைய சொற்களிடம் ஒரு பற்று ஏற்பட்டுவிடுகிறது, பொறுத்தருள்க.

இனித் திசை. தில்லி போன்ற வடநாட்டு நகரங்களில் திறந்தவெளி நாடகத்துக்கு ஏற்ற காலம் ஐப்பசி முதல் பங்குனி வரை. தை மாதக் கடுங்குளிரை விட்டுவிடலாம். அக்காலத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்து சென்று தென்மேற்கில் மறைகிறான். பார்ப்போர் மேற்கு நோக்கினாலும் தெற்கு நோக்கினாலும் அவர்கள் கண் கூசும். ஆதலால், மேடையைப் பூங்காவின் வடகோடியில் அமைத்து, மக்களை வடக்கு நோக்கி அமர்த்துவது நலம். இதில் வேறொரு நன்மையும் தானே வந்து சேர்கிறது. அப்பருவத்தில் தில்லியில் பெரும்பாலும் வடமேற்குக் காற்று வீசும். குரல் காற்றோடு சென்றால் தொலைவு செல்லும். எதிர்த்துச் சென்றால் மேலெழும்பிக் கலைந்துபோகும். மேடையின் பின்னால் ஒரு திண்ணிய செங்கற்சுவர் எழுப்பினால், அது குரலைத் திருப்பி முன்னே அனுப்பும். வேடம் மாற்றுவோருக்கு மறைப்பாகவும் இருக்கும். சென்னையிலும் கொல்கத்தாவிலும் காற்றின் போக்கு வேறு. அங்குள்ளோர் தம் ஊர்க் காற்றைக் கேட்டுக்கொள்க.

தளத்தைப் பற்றி ஒரு சொல். சிமெண்டுத் தளத்தில் பரதம் ஆடும் பெண் குழந்தைகளுக்கு முழங்காலும் கெண்டைக்காலும் நோவதைத் தாய்மார்கள் அறிவார்கள். சிமெண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும், காலுக்குத் தாங்காது. ஆகையால் கீழே கல்லோ சிமெண்டோ இருக்கட்டும். ஆட்ட நாளன்று மேலே சட்டமடித்த மரப்பலகைகளைப் பரப்பிக்கொள்ளலாம். மக்கள் அமரும் இடத்தைப் பள்ளமாகத் தோண்டிப் படிக்கட்டு அமைக்கும் ஆசை பலருக்கும் உண்டு. ஆடி ஆவணி மழையில் அது குளமாகிக் கொசு வளர்க்கும். வடிகாலுக்கு வழியில்லாத இடத்தில் மண்வெட்டியை எடுக்காதிருப்பதே சிறந்தது. பின்வரிசையை மண்ணிட்டு மெல்ல உயர்த்திப் புல் வளர்த்தால் போதும்.

ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் வைக்கலாகாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. விழாக்காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசு இசையலாம். விடிய விடிய ஆடும் தெருக்கூத்தை மூன்று மணி நேரத்துக்குள் அடக்குவது கூத்துக்கு இழைக்கும் கொடுமையே. ஆயினும் அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். 65 அடிக்குள் மக்களை அமர்த்தி, பின்சுவரும் எழுப்பிவிட்டால், ஒலிபெருக்கியின் தேவை பெரும்பாலும் குறைந்துவிடும். காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகரின் இராமலீலை ஒலிபெருக்கி இன்றியே நடக்கிறது. உரையாடல் தொடங்குமுன் மக்களை அமைதியாயிருக்கச் சொல்லி ஒரு குரல் எழும், அவ்வளவே.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, மேடை யாருக்கு என்பது. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் ஜோசப் பாப் என்பவர் சேக்ஸ்பியர் நாடகங்களைக் கட்டணமின்றி நடத்திவந்தார். 1959இல் பூங்காத் துறையின் ஆணையர் ராபர்ட் மோசஸ், மக்கள் மிதித்துப் புல் அழிகிறது, அதை ஈடுசெய்யக் கட்டணம் வாங்கு என்றார். பாப் மறுத்து வழக்காடி வென்றார். பின்னர் அதே மோசஸ், நிலையான அரங்கு கட்ட நகராட்சியிடம் நிதி கேட்டார். 1962இல் டெலகோர்ட் அரங்கம் திறக்கப்பட்டு ‘வெனிஸ் வணிகன்’ நடந்தது. பாப் அவர்களுக்கு வலிமை தந்தது எது? பூங்காவுக்கு வரும் எவரும் காசின்றி வந்து உட்காரலாம் என்ற ஒன்றுதான்.

நம் நிலையும் இதுவே. தமிழ் மேடை என்று பெயர்ப் பலகை மாட்டிப் பூட்டுப் போட்டால், பஞ்சாபியரும் வங்காளியரும் மலையாளியரும் நம் விண்ணப்பத்தில் ஏன் கையெழுத்திட வேண்டும்? இராமலீலைக் குழுவுக்கும், துர்கா பூசை நாடகத்துக்கும், ஓணத்துக்கும் அந்த மேடையில் நாள் உண்டு என்று எழுதிக் கொடுத்தால், கையெழுத்துகள் தாமே வந்து சேரும். பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்பதற்கும் அதுவே வழி. பொதுமக்கள் பயன்படுத்தும் நிலையான உடைமைக்குத்தான் அந்நிதி உரியது. நம் குழந்தைகளில் பலர் தமிழ் பேசுவர், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுவர். அவர்களுக்குக் கோவலனும் நந்தனும் புத்தகத்தின் வழியாக வரப்போவதில்லை. காது வழியாகவே வரவேண்டும். அண்டை வீட்டுப் பஞ்சாபிச் சிறுவன் உடன் அமர்ந்து, “இவர் என்ன சொன்னார்?” என்று கேட்க, நம் பிள்ளை இந்தியில் விளக்கிச் சொல்ல நேருமாயின், வகுப்பறையில் ஓர் ஆண்டில் வராத தமிழ் அன்றைக்கு வந்துவிடும்.

சிறு காரியங்கள் சில எஞ்சி நிற்கின்றன. மரப்பலகைகளை எங்கே அடுக்குவது, மின்னிணைப்பு யார் பெயரில் இருப்பது, ஆட்டம் முடிந்த இரவிலேயே குப்பையை யார் கூட்டுவது என்பவற்றைக் கட்டுமுன்னரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் நாடகத்துக்குச் செங்கல்லும் ஜல்லியும் வாங்க வேண்டா. புல்தரையில் நான்கு மூங்கில் நட்டு, பின்னால் ஒரு திரை கட்டி, ஒரு மணி நேர நாடகம் ஒன்றை நடத்திப் பாருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், எங்கிருந்து காற்று வருகிறது, எந்த வீட்டிலிருந்து ஆட்சேபம் வருகிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். மேஸ்திரியை அதன் பிறகு அழைக்கலாம்.