பழைய கார்டில் கிடந்த பணம்

மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. போன மாதக் கூட்டத்தில் நான் சொன்ன மெட்ரோ கார்டு விஷயத்தை இங்கே எல்லாருக்கும் சொல்லச் சொன்னாங்க.

நம்ம சேரன்மகாதேவிப் பக்கம் எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு ஆளாவது சென்னையில் வேலை பார்த்திருப்பாங்க. என் வீட்டுக்காரரும் நாலு வருஷம் அங்கே ஒரு கடையில் நின்றாங்க. ஊருக்குத் திரும்பி வந்தப்போ பெட்டியில் சென்னை மெட்ரோ ரயிலின் பயண அட்டை ரெண்டு கிடந்தது. பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடிட்டு இருந்துச்சு.

ஒருநாள் கொழுந்தனார் போன் செய்தார். "மதினி, 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதியிலிருந்து அந்தக் கார்டுக்குப் பணம் ஏற்ற முடியாது. ஆனா தூரப் போட்டுறாதீங்க. உள்ளே இருக்கிற பணமும், வாங்கும்போது கட்டின முன்பணமும் நம்மளோடதுதான்"ன்னு சொன்னார். பிள்ளைகளிடம் கெஞ்சித்தான் வாங்கினேன்.

அடுத்த கல்யாணத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போனப்போ ரெண்டு கார்டையும் மெட்ரோ டிக்கெட் கவுண்டரில் காட்டினேன். ஒன்றில் 36 ரூபாய், இன்னொன்றில் 140 ரூபாய் இருந்தது. இருப்பு 50 ரூபாய்க்குக் கீழே இருந்தால் பழைய கார்டை ஒப்படைக்கலாம். அதற்குப் பதிலாகச் சிங்காரச் சென்னை அட்டை இலவசமாகத் தருவாங்க. மிச்சப் பணமும் முன்பணமும் அதில் ஏறிவிடும். 36 ரூபாய்க் கார்டை உடனே மாற்றிட்டேன். 140 ரூபாய்க் கார்டைப் பயணம் செய்து குறைத்துவிட்டு வரச் சொன்னாங்க. கல்யாண வீட்டுக்குப் போக, வர, ரங்கநாதன் தெருவுக்கு ஒரு நடை, அதிலேயே குறைஞ்சு போச்சு. துணி எடுக்கப் போனது கார்டுக்காகத்தான்னு வீட்டில் சொல்லியிருக்கேன்!

கையில் காசாகத் தரமாட்டாங்க என்பதைத் தெரிஞ்சுக்கணும். நம்ம டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தக் கார்டு நமக்கு எதுக்கு? சென்னையில் மாநகரப் பஸ்ஸிலும் அது செல்லும். அதனால் ரெண்டையும் கொழுந்தனாரிடமே கொடுத்துட்டேன். அவர் கணக்குப் பார்த்து 170 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கையில் கொடுத்தார்.

"இதுக்கா இவ்வளவு பாடு?"ன்னு என் வீட்டுக்காரர் சிரிச்சாங்க. குழுவில் பத்து ரூபாய் குறைந்தால் கணக்கு நோட்டு மூடாமல் ராத்திரி வரை உட்கார்ந்திருக்கிறோமே, அது மட்டும் என்னவாம்?

அப்போதான் எங்க அம்மாவோட பாஸ்புக் ஞாபகம் வந்தது. பீடி சுற்றிச் சேர்த்த காசு. பன்னிரண்டு வருஷமாகப் பரணில் கிடக்கு, வரவு செலவு ஒன்றும் இல்லை. காசு போயிருச்சுன்னு அம்மா விட்டுட்டாங்க. விசாரிச்சா அப்படி இல்லை. ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லைன்னா கணக்கு முடங்கும். பத்து வருஷம் கடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்புறமும் நம்ம வங்கியில் மனு கொடுத்து வாங்கலாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆதார், பாஸ்புக்கோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போறேன். உங்க வீட்டுப் பரணிலும் பாருங்க. படிவம் எழுத வரலைன்னா என்கிட்ட கொண்டு வாங்க, நான் எழுதித் தாரேன்.