கிராணியின் புத்தகமும் கணினியும்



ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கிராணியின் செக்ரோல் புத்தகம் நன்கு தெரியும். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் பதிவாகும். பிறகு ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு ரப்பர்ச் சத்தைப் பார்த்து, அதையும் பெயருக்கு எதிரே எழுதுவார்கள். சம்பளம், ஆலை வேலை, விற்பனை எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் புறப்பட்டன. இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது.

செம்பனையைப் பாருங்கள். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவிப்பது நல்லது. தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடித் தரம் இறங்கும். ஆகவே வெளிக்காட்டில் எண்ணிய குலைக் கணக்கு அன்றே லாரிக்கும், ஆலைக்கும், சம்பளப் பிரிவுக்கும் தெரிந்தாக வேண்டும். கணினியில் ஒருமுறை பதிந்தால் எல்லாரும் பார்க்கலாம். தவறாகப் பதிந்தாலோ, அந்தத் தவறும் எல்லா இடத்துக்கும் போய்விடும்!

எனக்குத் தெரிந்த, பால்மரம் வெட்டிய ஓர் அம்மாவின் அடையாளக் கார்டு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. சம்பளம் சரியாக வந்தது. சேமநிதிப் பணம் மட்டும் அவர் கணக்கில் ஏறவில்லை. ஓய்வு பெறும்போதுதான் தெரிந்தது. பழைய சம்பளச் சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாரே, அதனால் பிழைத்தார்.

1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் கணக்கை இப்போது கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். ஒரு மாதச் சந்தாவை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சீட்டில் பிடித்த தொகையும் அங்கே ஏறிய தொகையும் ஒன்றா என்று பாருங்கள். முதலாளியின் பங்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.